ஒருவருக்கு எழுதிய மருந்து

செண்பகவல்லியின் கல்லீரலில் புதிதாகச் சில புள்ளிகள் தெரிந்தன. டாக்டர் மெஹருன்னிசா படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தும் பார்த்தார். சந்தேகப்பட இடமே இல்லை.

செண்பகம் பரிசோதனைக் கட்டிலிலிருந்து இறங்கி, காலால் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டாள்.

"என்ன மேடம், சத்தத்தையே காணோம்?"

"உட்காரும்மா."

"உட்காரச் சொல்லுதீகன்னாலே தெரிஞ்சுபோச்சு. திரும்ப வந்துருச்சு. அப்படித்தான?"

மெஹருன்னிசா தலையசைத்தார். செண்பகம் ஒரு செருப்பை மாட்டியபடி அப்படியே நின்றாள். அழவில்லை. தான் அழவில்லை என்பது அவளுக்கே கொஞ்சம் விசித்திரமாக இருந்தது.

செவ்வாயின் மேற்குப் பள்ளம் குடியிருப்பில் அப்போது ஏறக்குறைய நாற்பது பேர் இருந்தார்கள். காய்கறித் தோட்டம் செண்பகத்தின் பொறுப்பு. கோவில்பட்டியில் அக்கா வீட்டில் மகள் பொன்மதியை விட்டுவிட்டு வந்தவள். வந்த மறு வருடமே மார்பில் கட்டி தெரிந்தது. பூமிக்குக் கப்பல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான். அதனால் மெஹருன்னிசாவே இங்கேயே அறுவை செய்து கட்டியை எடுத்தார். திரும்ப வராமலிருக்கத் தினம் ஒரு டமாக்சிஃபென் மாத்திரை கொடுத்தார். இந்த வகைக் கட்டிக்கு அதுதான் சரியான மருந்து. எத்தனையோ தலைமுறைப் பெண்களைக் காப்பாற்றிய மருந்து.

"ஒரு நாள்கூட விட்டதில்ல மேடம். பொன்மதி மேல சத்தியமா" என்றாள் செண்பகம்.

"தெரியும். உன்னை நான் சந்தேகப்படல. மருந்தைத்தான் சந்தேகப்படறேன்."

அவள் இரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது இன்னும் குழப்பமானது. மாத்திரை உடம்பில் தாராளமாக இருந்தது. ஆனால் அது வேலை செய்யவில்லை.

மறுநாள் மெஹருன்னிசா அதைச் செண்பகத்துக்கு இப்படி விளக்கினார். "நீ முழுங்குற மாத்திரை நெல்லு மாதிரி. நெல்லை அப்படியே திங்க முடியுமா? கல்லீரல்ல ஒரு நொதி இருக்கு. அதுதான் உரல். அது குத்திக் கொடுத்தாத்தான் அரிசி. அந்த அரிசிதான் கட்டியை அடக்கும். உன் உடம்புல நெல்லு குவிஞ்சு கிடக்கு, அரிசி இல்ல."

"உரல் இல்லாமலே பிறந்துட்டேனா?"

"இல்ல. மரபணுவைப் பார்த்துட்டேன், உரல் நல்லாத்தான் இருக்கு. ஏதோ ஒண்ணு அதுல போய் உட்கார்ந்து அடைச்சிருக்கு. அது என்னன்னு தெரியணும்."

தெரிந்துகொள்ள ஒரே ஒரு ஆளிடம்தான் போக முடியும். குடியிருப்பின் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஞானதுரை வேதியியல் படித்தவர். மூலக்கூறுகளை எடைபோட்டுப் பிரிக்கும் கருவி அவருடைய அறையில்தான் இருந்தது. நாசரேத்துக்காரர். அதிகம் பேசமாட்டார்.

செண்பகத்துக்கு வியாதி திரும்பிவிட்டது என்று கேட்டதும் அவர் கையிலிருந்த குழாய்த் துண்டைக் கீழே வைத்தார்.

"என்ன செய்யணும் டாக்டர்?"

"அவ தின்னுற, குடிக்கிற, தொடுற எல்லாத்தையும் பாருங்க. எங்கிருந்தோ ஒண்ணு உள்ள போகுது."

ஞானதுரை மறுக்கக்கூடிய ஆள் அல்ல. அதிலும் செண்பகத்துக்கு என்றால். அவருடைய மகன் ஜெபசிங் ஸ்ரீவைகுண்டம் சாலையில் பைக் மோதி இறந்தபோது அவர் இங்கே இருந்தார். அடக்கத்தைத் திரையில்தான் பார்த்தார். அதற்குப் பிறகு சாப்பிடுவதை விட்டார், தூக்கத்தை விட்டார். ஒருநாள் வெளிக்கதவுக்குப் பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அதைத் தாண்டினால் மூச்சுவிடக் காற்று கிடையாது. அவர் எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று புரிந்துகொண்டவள் செண்பகம் ஒருத்திதான். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணாச்சி, எந்திரிங்க, டாக்டர்ட்ட போவோம்" என்றாள். வரமாட்டேன் என்றவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மெஹருன்னிசா அவருக்கு ஃப்ளூவாக்ஸெடின் எழுதிக் கொடுத்தார். மனச்சோர்வுக்குப் பூமியில் லட்சக்கணக்கானவர்கள் சாப்பிடும் சாதாரண மாத்திரை. சில வாரங்களில் அவர் மறுபடியும் சாப்பிட்டார், தூங்கினார், வேலைக்கு வந்தார். மூன்று வருடமாக அதை விடவில்லை.

ஞானதுரை சோதனையைக் கீரையில் தொடங்கினார். கீரையில் ஏதோ இருந்தது. தோட்டத்து மண்ணிலும் இருந்தது. கையுறைகளில் இல்லை, சுவர்ப் பூச்சில் இல்லை. கடைசியாகக் குடிதண்ணீரை வைத்தார். அங்கேயும் அதே கோடு எழுந்தது.

ஒரு கார்பனில் மூன்று ஃப்ளோரின் அணுக்கள் ஒட்டிய மூலக்கூறு. பெயரைக் கருவி சொல்வதற்கு முன்னாலேயே ஞானதுரைக்குத் தெரிந்துவிட்டது. தான் தினமும் விழுங்கும் ஒன்றின் அமைப்பை வேதியியல்காரர் யாரும் ஒருமுறையாவது வரைந்து பார்க்காமல் இருப்பதில்லை. குடியிருப்பில் அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான்.

அவர் கருவியை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். புதுத் தண்ணீர் எடுத்து வைத்தார். அதே கோடு.

மெஹருன்னிசாவின் அறைக்குப் போனபோது அவர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"டாக்டர், செண்பகத்தோட உரலை அடைச்சது என் மாத்திரை."

மெஹருன்னிசா முதலில் புரியாமல் பார்த்தார்.

"தண்ணி வழியாவா? அதெப்படி? தொட்டியில புற ஊதா விளக்கு வச்சு எல்லாத்தையும் உடைச்சிருதோம்னு நீங்கதான சொன்னீங்க?"

"எல்லாம் உடையும். நீங்க காய்ச்சலுக்குக் கொடுக்கிற மாத்திரை ஒரு நாள்ல தூளாயிரும். அதனாலதான் தண்ணியில மாத்திரை இருக்கான்னு யாரும் பாக்கல. கிருமி, உப்பு, உலோகம், இதத்தான் பாத்தோம். இது வேற ஜாதி. கார்பனும் ஃப்ளோரினும் புடிச்ச பிடியை அந்த விளக்கால உடைக்க முடியல. கொழுப்புல போய் ஒட்டுற குணம் வேற. தொட்டியோட உள்பூச்சுல ஊறியிருக்கு, கரி வடிகட்டியில ஊறியிருக்கு. நம்ம உடம்பு அதை வேற ஒண்ணா மாத்துது. மாறினதும் அதே வேலையத்தான் செய்யுது, இன்னும் அதிக நாள் தங்குது."

"ஒரு ஆளோட மாத்திரை எத்தனை பேருக்குப் பத்தும் ஞானதுரை?"

"பூமியில பத்தாது. ஆத்துல போய் கடல்ல கலந்து காணாமப் போயிரும். இங்க எங்க போகும்? என் மூத்திரத்துல போறது மறுபடி குடிதண்ணியா வருது. குடிக்கோம், போறோம், குடிக்கோம். தினம் ஒண்ணு உள்ள வருது, ஒண்ணும் வெளிய போகல. செடிக்குப் போற தண்ணிக்குக் கடைசி வடிகட்டி கிடையாது. கீரை முழுக்க ஏறிக் கிடக்கு. அவ அந்த மண்ணுலயே கிடக்கா. அவ உடம்புலதான் எல்லாரையும்விட அதிகம்."

மெஹருன்னிசா தன் விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைத் தகட்டில் வைத்து அவரிடம் நீட்டினார். அவர் அறைக்குப் போய்க் கருவியில் வைத்துப் பார்த்தார்கள். அதிலும் இருந்தது.

"இந்த ரெண்டு மருந்தையும் சேத்துக் கொடுக்கக் கூடாதுன்னு படிக்கிற காலத்துலயே தலையில அடிச்சுச் சொல்லிக் கொடுத்தாங்க" என்றார் மெஹருன்னிசா. "நானும் ஒரே ஆளுக்கு எழுதலையே. ரெண்டு ஆளுக்குத்தான எழுதினேன். யா அல்லாஹ், ரெண்டு ஆளுக்குத்தான எழுதினேன்."

"நான் இன்னையோட நிறுத்திருதேன்."

"நிறுத்தக் கூடாது. வேற மாதிரி மாத்திரை கையில இல்ல, கப்பல் வரணும். உங்களுக்குன்னு தனி கேன் வைக்கிறேன். உங்க உடம்புலேர்ந்து போற எதுவும் தொட்டிக்குப் போக வேண்டாம். அது போதும்."

"ஏற்கெனவே ஊறினது?"

அதற்குப் பதில் கேட்ட ஞானதுரைக்கே தெரியும். தொட்டிகளைக் காலி செய்ய வேண்டும், உள்பூச்சைச் சுரண்டி எடுக்க வேண்டும், தோட்டத்து மண்ணையே அள்ளிக் கொட்ட வேண்டும். புதுத் தண்ணீருக்கு நிலத்தடிப் பனிக்கட்டியை வெட்டிக் கொண்டுவர வேண்டும். மாதக்கணக்கில் வேலை. எல்லாருக்கும் சொல்லியாக வேண்டும்.

குடியிருப்பின் நிர்வாகி வைகுந்தன் கூட்டத்தைக் கூட்டினார். யாருடைய மாத்திரை என்று சொல்லமாட்டேன், அது நோயாளியின் ரகசியம் என்று மெஹருன்னிசா பிடிவாதமாக இருந்தார். அவர் பேசி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஞானதுரை எழுந்துவிட்டார்.

"என்னோடதுதான். என் மகன் செத்தப்ப எழுதிக் கொடுத்தாங்க."

யாரும் அவரைத் திட்டவில்லை. அப்படியொரு குடியிருப்பு அது. சண்டையில்லாத குடியிருப்பு என்று பூமியில் பெயர் வாங்கியிருந்தார்கள். எப்படி இப்படி ஒற்றுமையாக வைத்திருக்கிறீர்கள் என்று வைகுந்தனிடம் பேட்டியெல்லாம் எடுத்திருந்தார்கள். சுரங்கத்தில் வேலை செய்யும் ரேணுகாதேவி மட்டும் எழுந்து கேட்டாள்.

"அப்போ நாம நல்லா இருந்ததெல்லாம் இதனாலயா டாக்டர்? எங்கம்மா செத்த சேதி வந்தப்ப நான் ஷிஃப்டை முடிச்சிட்டுத்தான் வந்தேன். மனசு பக்குவமாயிருச்சுன்னு நினைச்சேன்."

"கொஞ்சம் இதனாலயும் இருக்கலாம்மா. எவ்வளவுன்னு எனக்குச் சொல்லத் தெரியல" என்றார் மெஹருன்னிசா. "வேணுங்கிறவங்களுக்கு இது நல்ல மருந்து. உங்களை யாரும் கேக்கலையே. அதுதான் தப்பாப்போச்சு."

செண்பகத்துக்காகத் தண்ணீரை மாற்றுவது என்று எல்லாரும் கை தூக்கினார்கள். மறுநாளே பனி வெட்டக் கிளம்பினார்கள். சமையல்காரர்கூடக் கோடரியோடு போனார்.

தோட்டத்துச் செடிகளைப் பிடுங்கிய அன்று செண்பகம் ஒரு கவிழ்த்த தொட்டியின் மேல் உட்கார்ந்து, எந்தப் பாத்தியை முதலில் எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முகம் மஞ்சளாக இருந்தது. ஞானதுரை மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார். அள்ளிய மண்ணில் பாதி வாளிக்கு வெளியே விழுந்தது. வாளியைத் தூக்கிவிட்டு, எதற்குத் தூக்கினோம் என்று தெரியாததுபோல் நின்றார்.

"அண்ணாச்சி, இங்க வாங்க."

வந்தார்.

"மாத்திரைய நிறுத்திட்டீகளா?"

அவர் மண்ணைப் பார்த்தார்.

"கேக்கேன்ல?"

"எப்படி முழுங்கச் சொல்லுத, செண்பகம்? கையில எடுத்தா உன் மூஞ்சிதான் தெரியுது. நான் கண்ணீர் விடாம இருக்கணும்னு உன்னைக் கொல்லணுமா?"

"யாரு யாரக் கொன்னது? அப்படிப் பாத்தா கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனது நானு. மாத்திரை எழுதினது மேடம். தண்ணி சுத்தமா இருக்கும்னு தொட்டி செஞ்சவன் வேற ஒருத்தன். இதுல உங்களுக்கு மட்டும் என்ன தனியா ஒரு பங்கு?" அவள் மூச்சு வாங்கினாள். "நான் ஒண்ணும் பெரிய மனசுக்காரி இல்ல. கோவம் வருது. அது தண்ணி மாறினதாலயோ என்னவோ, ரெண்டு நாளா எல்லார் மேலயும் கோவம் வருது. உங்க மேலயும் வந்துச்சு. ஆனா அன்னைக்கு அந்தக் கதவுகிட்ட உக்காந்திருந்தீகளே, அந்த ஆளைத் திரும்ப என்னால பாக்க முடியாது. எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல."

ஞானதுரை வாளியைக் கீழே வைத்தார்.

"நான் இல்லாமப் போனா பொன்மதிகிட்ட யாரு பேசுவா? இங்க எல்லாரும் இப்பவே மூக்கை உறிஞ்சிக்கிட்டு அலையுதாக. நடுங்காத ஒரு ஆளு வேணும் அண்ணாச்சி. மாத்திரையப் போடுங்க. என் முன்னாடி போடுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். அங்கேதான் வைத்திருந்தார், எறியவும் மனம் வரவில்லை. பனியிலிருந்து உருக்கிய புதுத் தண்ணீரை அவளே ஊற்றிக் கொடுத்தாள்.

தண்ணீர் சுத்தமானது. உடம்புகளிலிருந்து அந்த மருந்து வெளியேற இன்னும் சில வாரம் பிடித்தது. ஒருநாள் மெஹருன்னிசா சோதனை முடிவை எடுத்துக்கொண்டு ஓடியே வந்தார். செண்பகத்தின் இரத்தத்தில் அரிசி வந்துவிட்டது. உரல் வேலை செய்தது. புள்ளிகள் வளர்வது நின்றது. ஒன்றிரண்டு சுருங்கக்கூடச் செய்தன. அந்த நாட்களில் செண்பகம் புது மண்ணில் வெந்தயம் விதைத்தாள். மகளுக்குத் தினமும் படம் பிடித்து அனுப்பினாள். அடுத்த கப்பலில் ஊருக்கு வந்துவிடுவேன், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு நானே எழுப்பிவிடுவேன் என்றாள்.

ஆனால் கல்லீரல் ஏற்கெனவே பெரும்பகுதி போயிருந்தது. மருந்து தாமதமாக வந்து சேர்ந்திருந்தது. கப்பல் பாதி வழியில் இருந்தபோது செண்பகம் இறந்தாள்.

மேற்குப் பள்ளம் அன்றைக்கு அழுததுபோல் அதற்கு முன் அழுததில்லை. ரேணுகாதேவி செண்பகத்துக்காகத் தொடங்கி, இரண்டு வருடத்துக்கு முன் இறந்த தன் அம்மாவுக்காக அழுதாள். பெரிய பெரிய ஆண்கள் சுவரில் சாய்ந்து விம்மினார்கள். மெஹருன்னிசாவைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருந்தது. குழி தோண்டியவர் ஞானதுரை. உடலைச் சுமந்தவர்களில் முன்னால் போனவரும் அவர்தான். அவர் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அழுகை உள்ளே இருந்தது, பாறைக்கு அடியில் ஓடும் தண்ணீர் மாதிரி அவருக்குத் தெரிந்தது. மேலே வரவில்லை. "கல்லு மாதிரி நிக்கான் பாரு, யாரால செத்தா?" என்று யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது. அவர் திரும்பவில்லை.

அடக்கம் முடிந்ததும் அவர்தான் கேமராவின் முன் உட்கார்ந்து பொன்மதிக்குச் சொன்னார். அம்மா கடைசியாக என்ன சாப்பிட்டாள், என்ன சொன்னாள், எந்த இடத்தில் படுக்க வைத்திருக்கிறோம், அங்கிருந்து என்ன தெரியும். குரல் உடையாமல், எதையும் விடாமல் சொன்னார். பல நிமிடம் கழித்துப் பதில் வந்தது. அந்தப் பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாள். "வலிச்சுதா மாமா?" அதற்கும் உண்மையைச் சொன்னார். பிறகு தினமும் அவளோடு பேசினார்.

அதற்குப் பிறகு குடியிருப்பு பழைய குடியிருப்பாக இல்லை. சாப்பாட்டுக்கூடத்தில் சின்ன விஷயத்துக்கெல்லாம் தட்டு பறந்தது. சுரங்கத்தில் கைகலப்பாகி ஒருவருக்கு விலா எலும்பு முறிந்தது. சிலர் அறையைவிட்டு வெளியே வருவதையே நிறுத்தினார்கள். சிலர் மட்டும் வருடக்கணக்கில் எழுதாத அண்ணன் தம்பிக்கு எழுதினார்கள், பழைய சண்டைக்கு மன்னிப்புக் கேட்டார்கள்.

ஒரு மத்தியானம் வைகுந்தன் தண்ணீர் அறைக்கு வந்தார். ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, தொட்டிகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"ஞானதுரை சார், ஒண்ணு கேக்கணும். அந்த மாத்திரை ஸ்டாக் நிறைய இருக்குன்னு கேள்விப்பட்டேன்."

"இருக்கு."

"திரும்பக் கலந்துடலாமா? முன்ன இருந்த அளவுக்குத்தான். இப்போ அந்த இன்னொரு மருந்து சாப்பிடறவங்க யாரும் இல்லை. யாருக்கும் கெடுதல் வராது. வெளியில சொல்லவும் வேண்டாம். இப்படியே போனா இந்த இடம் தாங்காது சார்."

ஞானதுரை வால்வை மூடிவிட்டு, கையைத் துணியில் துடைத்தார். "அன்னைக்கும் யாருக்கும் கெடுதல் வராதுன்னுதான் நாம இருந்தோம். நாளைக்கு யாருக்கு என்ன வரப்போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நாற்பது பேரோட நிம்மதியை நான் பார்க்க வேண்டாமா?"

"நாற்பது பேரும் வந்து கேட்டாங்களா?"

வைகுந்தன் தொட்டியில் கையை ஊன்றி நின்றார். அவருடைய சட்டை கசங்கியிருந்தது. இஸ்திரி போடாத சட்டையில் அவரை இதுவரை யாரும் பார்த்ததில்லை. சவரம் செய்தும் பல நாள் ஆகியிருந்தது. ஞானதுரை இப்போதுதான் அதைக் கவனித்தார்.

"சார், தூங்கி எத்தனை நாளாச்சு?"

அந்தக் கேள்வியில் வைகுந்தனின் முகம் கலைந்துபோனது. அவர் பேசியபோது நிர்வாகியின் குரல் இல்லை.

"போன வருஷம் என் வொய்ஃப் டிவோர்ஸ் கேட்டு அனுப்பினா. பதினெட்டு வருஷம் சார். படிச்சேன், சரின்னு கையெழுத்துப் போட்டேன், டிபன் சாப்பிடப் போனேன். ஒரு வார்த்தை கேக்கல, ஏன்னுகூடக் கேக்கல. என் பதில்ல வருத்தமே இல்லைன்னு அவ எழுதியிருந்தா. அதையும் படிச்சிட்டுத் தூங்கிட்டேன்." அவர் உள்ளங்கையால் கண்ணை அழுத்தினார். "இப்போதான் சார் அது வருது. எல்லாம் முடிஞ்சப்புறம் வருது. இப்ப நான் யார்கிட்ட போய்க் கேப்பேன்?"

ஞானதுரை ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். அவசரப்படுத்தவில்லை. அழுது முடிக்கட்டும் என்று பக்கத்திலேயே நின்றார்.

"டாக்டர்கிட்ட போகலையா?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"நான் நிர்வாகி சார். எல்லாரும் பார்ப்பாங்க. நான் வரிசையில போய் உட்கார்ந்தா..."

"அதனால எல்லாருக்கும் கலக்கலாம்னு பாத்தீங்களா?"

வைகுந்தன் தலை நிமிரவில்லை. பிறகு மெதுவாக, ஆமாம் என்பதுபோல் தலை அசைந்தது.

"வாங்க. நானும் கூட வாரேன்."

நடைபாதையில் நாலைந்து பேர் எதிரே வந்தார்கள். வைகுந்தன் ஒவ்வொருவருக்கும் சுவரோரம் ஒதுங்கினார். மருத்துவ அறையின் கதவு திறந்திருந்தது. மெஹருன்னிசாவின் கண்கள் வீங்கியிருந்தன. இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டார்.

"யாருக்கு?"

ஞானதுரை ஒரு அடி பின்னால் நகர்ந்தார். வைகுந்தனுக்குச் சொல்ல நேரம் பிடித்தது. நடைபாதையில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அவர்கள் கேட்கிறார்கள் என்று தெரிந்தும் அவர் கதவைச் சாத்தவில்லை.

"எனக்கு" என்றார்.